கருத்தை மறுத்தலும் ஆளை இகழ்தலும்: இணைய விவாதங்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஒரு கட்டுரையில் இப்படியொரு வரி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: “ஒரு பொருளின் விலை இந்த ஆண்டு 10 சதவீதம் ஏறி, அடுத்த ஆண்டு 10 சதவீதம் இறங்கினால், அது பழைய விலைக்கே திரும்பிவிடும்.” இது தவறு. 100 ஆக இருந்த விலை முதலாண்டில் 110 ஆகிறது. 110இல் 10 சதவீதம் 11. அதைக் கழித்தால் மிஞ்சுவது 99. இந்தத் தவற்றைக் கண்ட இருவர் தத்தம் கருத்தைப் பதிவு செய்கிறார்கள்.

முதலாமவர் எழுதுகிறார்: “இரண்டாம் ஆண்டின் 10 சதவீதத்தை 110இலிருந்து கணக்கிட வேண்டும். அப்போது விலை 99 ஆகும். கட்டுரையின் பிற்பகுதி முழுவதும் இந்தக் கணக்கை நம்பி நிற்பதால், முடிவும் மாறும்.”

இரண்டாமவர் எழுதுகிறார்: “சதவீதம் கூடப் போடத் தெரியாதவரெல்லாம் பொருளாதார நிபுணராம்!”

இருவர் கண்ணில் பட்டதும் ஒரே தவறுதான். இரண்டாமவருக்கு முதலாமவரைவிடக் கணக்கு நன்றாகவே தெரிந்திருக்கவும் கூடும். ஆனால் அவர் எழுதியதைப் படித்துவிட்டு எவராலும் கட்டுரையைத் திருத்த முடியாது. எந்த வரி பிழை என்ற செய்தியே அதில் இல்லை.

நேர்மையான விமர்சனத்துக்கும் தனிமனித வசைக்கும் உள்ள வேறுபாட்டை நான் ஒரே ஒரு கேள்வியில்தான் காண்கிறேன்: அதைப் பெற்றவருக்குப் பதில் சொல்ல வழி இருக்கிறதா? முதலாமவருக்குக் கட்டுரையாளர் பலவிதமாகப் பதில் சொல்லலாம். “திருத்திவிட்டேன்” எனலாம், “இரண்டு ஆண்டுக்கும் தொடக்க விலையின் 10 சதவீதத்தையே குறிப்பிட்டேன், அதைத் தெளிவாக எழுதாமல் விட்டுவிட்டேன்” எனலாம், வேறுபாடு சிறியது, முடிவைப் பாதிக்காது என்று வாதிடவும் செய்யலாம். இரண்டாமவரிடம் அவர் வாய்மூடி இருக்க வேண்டும், அல்லது திருப்பித் திட்ட வேண்டும். இந்த ஒரு கேள்வியை எழுதும்போதும் வாசிக்கும்போதும் கைப்பழக்கமாக்கிக்கொள்வது எப்படி என்பதைத்தான் கீழே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதற்படி: கடுமையை வசையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாமல் இருத்தல்

“மென்மையாகச் சொன்னால் விமர்சனம், கடுமையாகச் சொன்னால் வசை” என்று பலர் நினைக்கிறார்கள். இந்த அளவுகோல் இரண்டு பக்கமும் தவறும். “இந்தக் கட்டுரையின் மைய வாதம் நிற்காது, கொடுத்திருக்கும் மூன்று சான்றுகளில் ஒன்று கூட அதற்குத் துணை வரவில்லை” என்பது கடுமையான வாக்கியம், எழுதியவருக்கு வலிக்கும் வாக்கியம், ஆயினும் அது முழுக்க முழுக்க விமர்சனம், ஏனெனில் மூன்று சான்றுகளில் ஒன்றையாவது எடுத்து, அது எவ்வாறு துணை வருகிறது என்று காட்டிவிட்டால் அந்த விமர்சனம் விழுந்துவிடும். “உங்களைப் போன்றோர் மேல் எனக்குக் கோபமில்லை, பரிதாபம்தான்” என்பதில் ஒரு கடுஞ்சொல்லும் இல்லை; ஆனாலும் அது வசை.

தமிழில் இதற்குத் தனித்தனிச் சொற்கள் இருப்பதைக் கவனியுங்கள். இடித்துரைத்தல் என்று ஒன்று உண்டு. ஏசுதல், தூற்றுதல், இகழ்தல் என்று வேறு சில உண்டு. இடித்துரைப்பது நண்பரும் அமைச்சரும் செய்ய வேண்டிய வேலை என்றே நம் மரபு கருதியது. அந்தச் சொல்லிலேயே கடுமை இருக்கிறது, இகழ்ச்சி இல்லை. விமர்சனம் வலிக்கக் கூடாது என்று கேட்பவர்கள் இடித்துரைப்பதையே தடை செய்யச் சொல்கிறார்கள். அதற்கு நான் உடன்பட மாட்டேன்.

இரண்டாம் படி: எழுவாயையும் பயனிலையையும் பார்த்தல்

எழுதி முடித்த கருத்தை அனுப்புவதற்கு முன்பு, ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுவாய் எது, பயனிலை எது என்று பாருங்கள். பள்ளியில் படித்த இலக்கணம் இங்கே நேரடியாகக் கைகொடுக்கிறது.

“இந்த எண் தவறானது” என்பதில் எழுவாய் எண். “இந்த எண்ணைத் தவறாக எடுத்திருக்கிறீர்கள்” என்பதில் எழுவாய் ஆள், ஆனால் பயனிலை ஒரு செயல். “நீங்கள் பொய்யர்” என்பதில் எழுவாயும் ஆள், பயனிலையும் அந்த ஆளின் மேல் ஒட்டப்பட்ட பெயர். முதல் இரண்டும் விமர்சனத்துக்குள் அடங்கும், மூன்றாவது அடங்காது.

இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே இருக்கும் கோடு நுட்பமானது. “எடுத்திருக்கிறீர்கள்” என்பது வினைமுற்று. அது காலம் காட்டும். ஒரு குறிப்பிட்ட பொழுதில், ஒரு குறிப்பிட்ட இடத்தில் நடந்த செயலை அது சொல்வதால், எங்கே, எப்போது என்று கேட்கலாம், இல்லை என்று மறுக்கலாம், இனிச் செய்யாமல் இருக்கலாம். “பொய்யர்” என்பது பெயர்ப் பயனிலை. அதில் காலம் இல்லை. நேற்றும் பொய்யர், நாளையும் பொய்யர் என்று அந்த ஒற்றைச் சொல் ஒருவரின் வாழ்நாள் முழுவதன் மேலும் தீர்ப்பு எழுதிவிடுகிறது. ஒரு வரியைப் படித்துவிட்டு அத்தகைய தீர்ப்பை எழுதும் அளவுக்கு நமக்கு எவரையும் தெரியாது. முட்டாள், அரைவேக்காடு, கூலிக்கு எழுதுபவர், அடிமை என்று வசைகள் பெரும்பாலும் பெயர்ச்சொற்களாகவே இருப்பதன் காரணம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆகவே பெயர்ச்சொல்லில் முடியும் ஒரு வாக்கியத்தைக் கண்டால், அதை வினைச்சொல்லில் முடியும்படி மாற்றி எழுத முயன்று பாருங்கள். “அரைவேக்காடு” என்று எழுத வந்த கை, “இரண்டாம் ஆய்வைப் படிக்காமல் எழுதியிருக்கிறீர்கள்” என்று எழுதிவிட்டால் போதும். மாற்ற முடியவில்லை என்றால், சொல்வதற்குச் செய்தி எதுவும் நம்மிடம் இல்லை என்று பொருள்.

இந்தச் சோதனை ஓரிடத்தில் ஏமாற்றும். “உங்கள் கட்டுரை குப்பை” என்பதில் எழுவாய் கட்டுரைதான், ஆள் வரவில்லை. எனவே அது தனிமனித வசை ஆகாது. ஆனால் விமர்சனமும் ஆகாது. எதைத் திருத்தினால் அது குப்பையாக இராது என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. பதில் சொல்ல வழி இருக்கிறதா என்னும் முதற்கேள்வியைக் கேட்டால் இதுவும் பிடிபட்டுவிடும்.

பிறப்பு, உடல், பாலினம், மதம், பேசும் வழக்கு ஆகியவற்றைத் தொட்டு எழுதுவதைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. அவை எந்தக் கணக்குக்கும் எந்த வாதத்துக்கும் விடையாகா. எழுத்துப்பிழையையும் இதனோடு சேர்க்கிறேன்: பிழையைத் திருத்திக் காட்டுவது உதவி, “ஒற்றெழுத்து கூட எங்கே மிகும் என்று தெரியவில்லை, கருத்துச் சொல்ல வந்துவிட்டார்” என்பது, அந்த மொழியில் நெடுங்காலம் படிக்க வாய்ப்பில்லாதவர்களைப் பேச விடாமல் செய்வது.

மூன்றாம் படி: சிறு சொற்களில் ஒளிந்திருக்கும் இகழ்ச்சியைத் தேடுதல்

திட்டுச்சொல் ஒன்று கூட இல்லாமல் திட்டுவதற்குத் தமிழில் வழிகள் ஏராளம். வஞ்சப்புகழ்ச்சிக்கு அணியிலக்கணத்தில் இடமே கொடுத்த மொழி இது. ஆகவே சொற்களை மட்டும் வடிகட்டுபவர்கள் பாதியைத் தவற விடுகிறார்கள்.

தொடக்கத்தில் கண்ட வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம்: “சதவீதம் கூடப் போடத் தெரியாதவரெல்லாம் பொருளாதார நிபுணராம்!” இதில் வேலை செய்பவை மூன்று சிறு சொற்கள். “கூட” என்பது, இது எல்லோருக்கும் தெரிந்த எளிய செய்தி, உனக்குத்தான் தெரியவில்லை என்கிறது. “எல்லாம்” என்பது ஓர் ஆளை மதிப்பற்றவர்களின் கூட்டத்தோடு சேர்க்கிறது. “ஆம்” என்னும் ஈறு, இவர் தம்மை அப்படிச் சொல்லிக்கொள்கிறார், நான் நம்பவில்லை என்கிறது. கட்டுரையாளர் தம்மை நிபுணர் என்று எங்கும் சொல்லாமலே இருக்கலாம். அந்த ஈறு அவர் சொன்னதாக ஆக்கிவிடுகிறது. இம்மூன்றையும் நீக்கிவிட்டுப் படியுங்கள்: “சதவீதம் போடத் தெரியாதவர் பொருளாதார நிபுணர்.” ஒன்றும் மிஞ்சவில்லை. இப்போது முதலாமவரின் கருத்திலிருந்து எந்தச் சிறுசொல்லை வேண்டுமானாலும் நீக்கிப் பாருங்கள். 110, 99 என்ற கணக்கு அப்படியே இருக்கும்.

மரியாதைப் பன்மையைக் கைவிடுவது இன்னொரு வழி. முதல் இரண்டு பதில்களில் “நீங்கள்” என்று பேசிவந்தவர் மூன்றாவதில் “நீ” என்று இறங்கினால், “அவர்” என்று சுட்டியவர் “இவன்” என்று சுட்டினால், விவாதம் அந்த இடத்தில் வேறொன்றாக மாறிவிட்டது என்பதைத் தமிழ் வாசிப்பவர் எவரும் உடனே உணர்வர். நெருங்கிய நண்பர்களுக்கிடையே “நீ” இயல்பானது. பலர் பார்க்கும் இடத்தில் அறிமுகமற்றவரை நோக்கி எழுதும்போது அது அடி. நேர்மாறாக, “மாமேதை அவர்களே”, “பேரறிஞர் ஐயா” என்று அளவுக்கு மீறி உயர்த்துவதும் அதே அடிதான். ஒருவரின் தொழிற்பெயரை மேற்கோள் குறிக்குள் இட்டு ‘ஆய்வாளர்’ என்று எழுதுவது, விடை எதிர்பாராமல் “படித்துவிட்டுத்தான் எழுதினீர்களா?” என்று கேட்பது, வாதத்துக்குப் பதிலாகச் சிரிக்கும் முகத்தை மட்டும் இட்டுவிட்டுப் போவது ஆகியவையும் இந்த வகையைச் சேர்ந்தவையே.

நான்காம் படி: மறுக்கும் முன் எதிர்த்தரப்பை அவர் சொன்னபடி சொல்லுதல்

ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன்பு பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல், நூல் எழுதுவோர் கொள்ளும் கொள்கை நிலைகளை எழுவகை மதம் என்று வகுக்கிறது. அவற்றுள் ஒன்று “பிறர்தம் மதம் மேற்கொண்டு களைவு”. அதாவது பிறருடைய கொள்கையை முதலில் தான் ஏற்று நின்று, பிறகு அதை விலக்குதல். இன்னொன்று “பிறர் நூல் குற்றம் காட்டல்.” நூலின் குற்றம் என்றே அங்கே சொல்லப்பட்டிருக்கிறது. உடன்படல், மறுத்தல் இரண்டும் அந்த ஏழில் அடுத்தடுத்து நிற்கின்றன. மறுப்பது பகை என்ற எண்ணத்துக்கு அந்த வரிசையில் இடமே இல்லை.

இருபதாம் நூற்றாண்டில் விளையாட்டுக் கோட்பாட்டிலும் (ஒருவர் முடிவு மற்றவர் முடிவைச் சார்ந்திருக்கும் சூழல்களை ஆராயும் கணிதத்துறை) அமைதி ஆய்விலும் பணியாற்றிய அனடோல் ராப்போபோர்ட் என்பவரும் இதையொட்டிய விதி ஒன்றை முன்வைத்தார்: எதிர்த்தரப்பின் நிலைப்பாட்டை, எதிர்த்தரப்பே “ஆம், நான் சொன்னது இதுதான்” என்று ஒப்புக்கொள்ளும்படி முதலில் எடுத்துச் சொல்ல வேண்டும், அதன் பிறகுதான் மறுக்க வேண்டும்.

இதை நடைமுறையில் செய்வது எளிது. மறுக்கப்போகும் வரியை அப்படியே எடுத்து மேலே இடுங்கள். அதன் கீழே, “நீங்கள் சொல்வதை நான் இவ்வாறு புரிந்துகொள்கிறேன்” என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள். பிறகு மறுப்பு. நான் இதைப் பழக்கமாகக் கொண்ட பிறகு, எழுதத் தொடங்கிய மறுப்புகளில் கணிசமானவற்றை அனுப்பாமலே விட்டிருக்கிறேன். எதிர்த்தரப்பை அவர் சொற்களில் எழுதிப் பார்க்கும்போதே, அவர் நான் நினைத்ததைச் சொல்லவில்லை என்று தெரிந்துவிடும்.

தருக்க நூலார் விவாதத்தை வாதம், ஜல்பம், விதண்டை என மூன்றாகப் பிரித்தார்கள். உண்மையைக் காண்பதற்காக இருவர் பேசுவது வாதம். எப்படியாவது வெல்வதற்காகப் பேசுவது ஜல்பம். தன் தரப்பு என்று எதையும் நிறுவாமல் அடுத்தவர் சொல்வதை உடைப்பது மட்டுமே வேலையாக இருப்பது விதண்டை. அன்றாடப் பேச்சில் நாம் சொல்லும் விதண்டாவாதம் இதிலிருந்து வந்ததே. ஓர் உரையாடல் பத்துப் பதில்களைத் தாண்டும்போது, இப்போது நாம் இம்மூன்றில் எதில் இருக்கிறோம் என்று நின்று பார்ப்பது நல்லது. வசை பெரும்பாலும் வாதத்திலிருந்து நேரே பிறப்பதில்லை. ஜல்பத்துக்குள் நுழைந்த பிறகே கதவைத் தட்டுகிறது.

ஐந்தாம் படி: குற்றத்துக்குப் பெயர் வைத்தல்

“சரியில்லை” என்று சொல்பவரிடம் “எது?” என்று கேட்டால் பலர் தடுமாறுகிறார்கள். குற்றத்தைப் பெயரிட்டுச் சொல்லச் சொல் கிடைக்காதபோது, எரிச்சல் ஆளை நோக்கித் திரும்புகிறது. இங்கும் நன்னூல் உதவுகிறது. ஒரு நூலில் வரக்கூடாத பத்துக் குற்றங்களை அது பட்டியலிடுகிறது: குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொல் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்றுதேய்ந்து இறுதல், நின்று பயன் இன்மை. இந்தப் பத்தில் ஒன்று கூட எழுதியவரின் அறிவையோ குணத்தையோ பற்றியதாக இல்லை என்பதை நான் மீண்டும் மீண்டும் வியப்போடு எண்ணிப் பார்ப்பதுண்டு.

இவை இன்றும் அப்படியே பொருந்தும். தேவையான புள்ளிவிவரத்தை விட்டுவிட்டு முடிவுக்குத் தாவினால் அது குன்றக் கூறல். ஒரு நிகழ்வை வைத்துக்கொண்டு “எப்போதும் இப்படித்தான்” என்றால் மிகைபடக் கூறல். முன்பத்தியில் சொன்னதைப் பின்பத்தி மறுத்தால் மாறுகொளக் கூறல். கேட்ட கேள்வியை விட்டுவிட்டு வேறொரு செய்தியைப் பேசத் தொடங்கினால் மற்றொன்று விரித்தல். இணைய விவாதங்களில் நான் மிகுதியாகக் காண்பது இதைத்தான். வலுவாகத் தொடங்கி, பாதியில் சான்று தீர்ந்து, இறுதியில் ஒன்றுமில்லாமல் முடியும் கட்டுரைக்குச் சென்றுதேய்ந்து இறுதல் என்பதைவிடத் துல்லியமான பெயரை நான் அறியேன். “முன்பத்தியோடு மாறுகொள்கிறது” என்று எழுதும்போது எழுத்தாளருக்கு உடனே எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது.

ஆறாம் படி: நோக்கத்தை ஊகிக்காமல் இருத்தல்

“இதை வேண்டுமென்றே மறைத்திருக்கிறார்”, “யாரோ எழுதச் சொல்லியிருக்கிறார்கள்” என்பவை வசையைவிட நாகரிகமாகத் தோன்றும். ஆனால் பதில் சொல்ல வழியில்லாமை இவற்றிலும் உண்டு. தன் மனத்துக்குள் என்ன இருந்தது என்று எவரும் சான்று காட்ட முடியாது.

பிறர் செயலுக்குக் காரணம் தேடும்போது சூழ்நிலையைக் குறைத்தும் குணத்தை மிகுத்தும் மதிப்பிடும் போக்கு மனிதர்களிடம் உண்டு. உளவியலாளர் லீ ராஸ் 1977இல் அதற்கு ‘அடிப்படைக் காரணப் பிழை’ என்ற பொருளில் பெயரிட்டார். ஒரு புள்ளிவிவரம் விடுபட்டிருந்தால், அவர் பழைய அறிக்கையைப் பார்த்திருக்கலாம், இடமில்லாமல் நீக்கியிருக்கலாம், தெரியாமலே இருந்திருக்கலாம். நாம் மறைத்தார் என்ற காரணத்துக்கே முதலில் போகிறோம். “இந்த அறிக்கையின் புதிய பதிப்பில் எண் வேறாக இருக்கிறது, அதைப் பார்த்தீர்களா?” என்று எழுதினால், மறைத்தவரும் மறைக்காதவரும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதற்கு அவர் தரும் பதிலே வாசகருக்குப் போதிய செய்தியைத் தரும்.

ஏழாம் படி: ஆளைப் பற்றிப் பேசியே ஆக வேண்டிய இடத்தை அறிதல்

ஆளைப் பற்றி ஒருபோதும் பேசக்கூடாது என்பதை விதியாக்கினால், அது ஏமாற்றுபவர்களுக்குக் கேடயமாகிவிடும். ஒரு மருந்தைப் புகழ்ந்து எழுதுபவர் அதைத் தயாரிக்கும் நிறுவனத்திடம் ஊதியம் பெறுபவராக இருந்தால், அதைச் சொல்வது வசையாகாது. தமக்கு இல்லாத பட்டத்தைக் காட்டி அறிவுரை சொல்பவரிடம் பட்டத்தைப் பற்றிக் கேட்கத்தான் வேண்டும். பிறர் எழுத்தைத் தம் பெயரில் இட்டவரைப் பற்றிப் பேசும்போது எழுத்தை மட்டும் பேசிக்கொண்டிருக்க முடியாது. ஒரே தவறான செய்தியைத் திருத்திக் காட்டிய பிறகும் ஒருவர் திரும்பத் திரும்பப் பரப்பினால், அந்தத் தொடர்ச்சியும் சுட்டத்தக்கதே.

இத்தகைய இடங்களில் நான் மூன்றைப் பார்க்கிறேன். சொல்லும் செய்தி விவாதப் பொருளோடு நேரடியாகத் தொடர்புடையதா? எவரும் சரிபார்க்கக்கூடிய சான்று கையில் இருக்கிறதா? தொடர்புடைய அளவோடு நிறுத்திக்கொள்கிறேனா? மருந்து நிறுவனத்தின் ஊதியத்தைக் குறிப்பிட்டுவிட்டு, அவரது மணவாழ்க்கையையும் ஒரு வரியில் இழுத்தால், முதற்பாதி விமர்சனம், பிற்பாதி வசை. மேலும், ஊதியம் பெறுகிறார் என்பதால் மட்டும் அவர் சொன்னது பொய்யாகிவிடாது. எச்சரிக்கையோடு படிக்க வேண்டும் என்பது வரைதான் அதிலிருந்து தேறும். மருந்து வேலை செய்கிறதா என்பதற்கு விடை ஆய்வில்தான் இருக்கிறது.

எட்டாம் படி: அனுப்பும் முன்

2004இல் உளவியலாளர் ஜான் சூலர், நேரில் பேசத் தயங்குவதையெல்லாம் இணையத்தில் மனிதர்கள் ஏன் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள் என்பதற்கு ஆறு காரணங்களை வகுத்துக் காட்டினார். பெயர் தெரியாமை, கண்ணில் படாமை, பதில் உடனுக்குடன் வராமை ஆகியவை அவற்றுள் அடங்கும். நேரில் ஒருவரை “முட்டாள்” என்றால் அவர் முகம் மாறுவதைப் பார்க்கிறோம். அந்த மாற்றமே அடுத்த சொல்லைத் தடுத்துவிடும். திரையில் அந்தத் தடை இல்லாததால், அதை நாமே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது: எழுதியதை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது, அந்த மனிதர் எதிரே அமர்ந்திருப்பதாக எண்ணிப் படிப்பது, கோபத்தில் எழுதியதை மறுநாள் வரை வைத்திருப்பது.

கிண்டலைத் தவிர்க்கச் சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி முதலியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், மின்னஞ்சலில் எழுதியவர்கள் தம் கிண்டல் கிண்டலாகவே புரிந்துகொள்ளப்படும் என்று உறுதியாக நம்பினார்கள். வாசித்தவர்களோ, காசைச் சுண்டிப் பார்த்துச் சொல்வதைவிடச் சற்றே நன்றாகத்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். குரல் நம் காதில் ஒலிப்பதால் எழுத்திலும் இருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம்.

ஒன்பதாம் படி: வசை கலந்த விமர்சனம் நம்மிடம் வரும்போது

தூய வசைக்குப் பதில் தேவையில்லை. நீக்கலாம், தடுக்கலாம், கடந்து போகலாம். அச்சுறுத்தலாக இருந்தால் படம் பிடித்து வைத்துக்கொண்டு, அந்தத் தளத்துக்கும் தேவையானால் காவல்துறைக்கும் தெரிவிக்க வேண்டும். கடினமானது கலப்புதான்: “உன்னைப் போன்ற அரைவேக்காடுகளுக்கு 110இல் 10 சதவீதம் 11 என்பது எங்கே தெரியப் போகிறது?” இதில் நெல்லும் பதரும் சேர்ந்தே இருக்கின்றன. தாளில் அந்த வாக்கியத்தை எழுதி, வசைப்பகுதியை அடித்துவிட்டு மிஞ்சியதைப் படியுங்கள்: 110இல் 10 சதவீதம் 11. இது சரி. ஆகவே பதில்: “110இல் 10 சதவீதம் 11 என்பது சரியே. திருத்தியிருக்கிறேன், நன்றி.” வசையைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். இப்படிச் செய்வது கோழைத்தனமாகாது. திருத்தம் தேவைப்படுவது கட்டுரையின் அடுத்த வாசகருக்கு.

பெறுபவர்கள் செய்யும் ஒரு தவறையும் சொல்ல வேண்டும். கணக்கைச் சுட்டிக்காட்டியவரை நோக்கி “என்னை அவமானப்படுத்துகிறீர்கள்” என்பது, பதில் சொல்ல வழி இருந்தும் சொல்லாமல் தப்பிப்பது. பலருடைய ஆதரவு உடனே கிடைத்துவிடும் என்பதால் இது மிகவும் கவர்ச்சியான வழி. நமக்கு வலித்தது என்பதால் மட்டும் ஒன்று வசையாகிவிடாது. முதற்கேள்வியை நம் பக்கத்திலிருந்தும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

குழுக்களை நடத்துபவர்களுக்கு ஒன்று: வசை கலந்த கருத்தை அப்படியே அழிப்பதைவிட, வசையை நீக்கித் திரும்ப எழுதும்படி கேட்பது மேல். அழித்தால் உள்ளே இருந்த சரியான கணக்கும் அதோடு போய்விடும்.

பத்தாம் படி: நாமே தவறியிருந்தால்

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மொழிபெயர்ப்புக் கட்டுரையைப் பற்றி நீண்டதொரு கருத்து எழுதினேன். நான்கு இடங்களில் மூலத்தின் பொருள் மாறியிருப்பதாக வரிவரியாகக் காட்டியிருந்தேன். அத்தோடு நிறுத்தாமல், “மூலமொழி அறியாதவர்கள் மொழிபெயர்க்க வருவது வருந்தத்தக்கது” என்று ஒரு வரியை இறுதியில் சேர்த்தேன். அதன் பிறகு வந்த பதில்கள் அனைத்தும் அந்தக் கடைசி வரியைப் பற்றியவை. மொழிபெயர்ப்பாளர் அந்த மொழியை எத்தனை ஆண்டுகள் படித்தார், எனக்கு அதைக் கேட்க என்ன தகுதி இருக்கிறது என்று இரண்டு நாள் பேசினார்கள். நான்கு இடங்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. கட்டுரையில் அவை அப்படியே இருந்தன. ஒற்றை வரி வசை, ஒரு பக்க விமர்சனத்தை விழுங்கிவிட்டது.

தவறிய பிறகு செய்ய வேண்டியதை அப்போதுதான் கற்றேன். அந்த வரியை ஓசையின்றி அழிக்கக்கூடாது. அழித்தால் கீழே பதில் எழுதியவர்கள் பொய் சொன்னவர்களாகத் தோன்றுவார்கள். அது இருந்தது, இப்போது விலக்கிக்கொள்கிறேன் என்று அதே இடத்தில் சொல்ல வேண்டும். “யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால்” என்ற சொற்றொடரை எழுதக்கூடாது. புண்படுத்தியவர் யார் என்பது அதில் மறைந்துவிடுகிறது. விமர்சனத்தையும் சேர்த்து விலக்கிக்கொள்ள வேண்டியதில்லை. நான் எழுதியது இதுதான்: “கடைசி வரியில் மொழிபெயர்ப்பாளரின் மொழியறிவைப் பற்றிச் சொன்னதை விலக்கிக்கொள்கிறேன், அதைச் சொல்ல என்னிடம் சான்று இல்லை, சொன்னது என் தவறு. அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். சுட்டிய நான்கு இடங்களைப் பற்றிய என் கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது.”

அடுத்த வாரம் மொழிபெயர்ப்பாளர் எழுதினார். மூன்று இடங்களைத் திருத்தியிருந்தார். நான்காவதற்கு, மூலச்சொல் அந்த வட்டாரத்தில் என்ன பொருளில் வழங்குகிறது என்பதை இரண்டு எடுத்துக்காட்டுகளோடு விளக்கியிருந்தார். அந்த இடத்தில் அவர் எழுதியதே சரி. அந்தப் பொருள் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.